ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சினால்: செஸ் எஞ்சினிடம் எப்படிக் கேட்பது?

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியின் 14வது ஆட்டம், அதுதான் கடைசி. 55வது நகர்த்தலில் டிங் லிரென் தன் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். நேரலை பார்த்தவர்களின் திரையோரத்தில், யார் கை ஓங்கியிருக்கிறது என்று எஞ்சின் (செஸ் ஆடும் கணினி நிரல்) காட்டும் மதிப்பீட்டுப் பட்டை உடனே கறுப்பின் பக்கம் சாய்ந்தது. 58வது நகர்த்தலில் டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். சென்னைக்காரர் டி. குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

பட்டை சாய்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள். ஏன் சாய்ந்தது என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "எஞ்சின் சொல்லிடுச்சு" என்பதுதான். செஸ் பேசும் இடங்களில் இரண்டு கட்சி உண்டு. எஞ்சினுக்கு எல்லாம் தெரியும் என்பது ஒன்று. எண்ட்கேமில், அதாவது காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டத்தில், எஞ்சினை நம்பாதே என்பது இன்னொன்று. இரண்டுமே ஒரு காலத்துக்கும் ஒரு வகை நிலைக்கும் பொருந்தும் பாதி உண்மைகள். எஞ்சின் ஒரு விஷயத்தை மூன்று விதமாகத் "தெரிந்து" வைத்திருக்கிறது: தேடிக் கண்டது, உத்தேசமாக மதிப்பிட்டது, ஏற்கெனவே எழுதி வைத்ததைப் பார்த்துச் சொல்வது. திரையில் மூன்றும் ஒரே மாதிரி எண்ணாக வந்து நிற்பதால்தான் குழப்பம். இவை மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க ராஜா-சிப்பாய் எண்ட்கேமை விட வசதியான இடம் செஸ்ஸில் இல்லை.

தீர்ப்பு மூன்றே மூன்றுதான்

ராணி, யானை, மந்திரி, குதிரை எல்லாம் வெட்டுப்பட்டுப் போய், இரண்டு ராஜாக்களும் சில சிப்பாய்களும் மட்டும் பலகையில் மிஞ்சும் கட்டம்தான் ராஜா-சிப்பாய் எண்ட்கேம். (மந்திரி என்று நான் சொல்வது குறுக்காகப் போகும் பிஷப்பை.) கட்டங்களின் பெயர் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வெள்ளையின் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச், கீழிருந்து மேலாக 1 முதல் 8.

இப்போது ஒரு நிலை. வெள்ளை ராஜா இ5, வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. யார் ஜெயிப்பார்?

இந்தக் கேள்விக்கு விடை கிடையாது, யாருடைய முறை என்று சொல்லாதவரை. கறுப்பின் முறை என்றால் அதன் ராஜா ஏதாவது ஒரு பக்கம் விலகித்தான் ஆக வேண்டும். டி7க்குப் போனால் வெள்ளை ராஜா எஃப்6க்கு நுழைகிறது. சிப்பாய்க்குப் பாதை கிடைத்துவிடும், வெள்ளைக்கு வெற்றி. அதே நிலையில் வெள்ளையின் முறை என்றால் விலக வேண்டியது வெள்ளை. டி5க்குப் போனால் கறுப்பு டி7க்கு வந்து மறுபடியும் எதிரே நிற்கும். டிரா. ஒரு காய் கூட இடம் மாறவில்லை, முறை மட்டும்தான் மாறியது, தீர்ப்பு புரண்டுவிட்டது.

இங்கே இரண்டு சொற்கள் வேண்டும். இரண்டு ராஜாக்கள் நடுவில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்கும்போது, நகர வேண்டிய கட்டாயம் இல்லாதவரிடம் ஒப்போசிஷன் இருக்கிறது என்பார்கள். நகர்ந்தே ஆக வேண்டும் என்ற விதி மட்டுமே ஒருவரைக் கெடுக்கும் நிலைக்கு சுக்ஸ்வாங் என்று பெயர். "பாஸ்" என்று சொல்ல விட்டால் அவருக்கு ஒரு கெடுதலும் வராது. ஆட்டத்தின் நடுவில் சுக்ஸ்வாங் அபூர்வம். ராஜா-சிப்பாய் எண்ட்கேமில் அதுதான் தினசரிச் சோறு.

மேலே சொன்ன நிலையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இ4 சிப்பாய்க்கு டி6, இ6, எஃப்6 ஆகிய மூன்றும் சாவிக் கட்டங்கள். அவற்றில் ஒன்றில் வெள்ளை ராஜா கால் வைத்துவிட்டால், அப்புறம் யார் முறையாக இருந்தாலும் வெற்றிதான். ஒப்போசிஷன் என்பது அந்தக் கட்டங்களுக்குள் நுழைய உதவும் வழி, அவ்வளவுதான். தொடங்குபவர்கள் பலர் வழியையே ஊர் என்று நினைத்துக்கொண்டு, ஒப்போசிஷன் கிடைத்ததும் திருப்தியாக நின்றுவிடுகிறார்கள்.

இதுவரை வந்தது: இந்த வகை நிலைகளில் வெற்றி, தோல்வி, டிரா என்று மூன்று தீர்ப்பு மட்டும் உண்டு. 0.7 வெற்றி என்று ஒன்று கிடையாது. அந்தத் தீர்ப்பும் காய்களின் இடத்தோடு முறையையும் சேர்த்துப் பார்த்துத்தான் வரும்.

முன்னோக்கித் தேடுவது

மூன்றுதான் தீர்ப்பு என்றால் எஞ்சின் ஏன் +0.83 என்றெல்லாம் காட்டுகிறது? மதுரைக்குப் புதிதாக வந்து, மாசி வீதி மூலை ஒன்றில் நின்றுகொண்டு கோயிலுக்கு வழி தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் வரைபடம் இல்லை. ஒவ்வொரு முக்கிலும் நாலைந்து தெருக்கள் பிரிகின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம். அதற்கு மேல் நேரம் இல்லை. போன தூரத்தில் கோபுரம் கண்ணில் பட்டுவிட்டால் உறுதியாகச் சொல்லிவிடலாம். படாவிட்டால், பூக்கடைகள் கூடியிருக்கின்றன, கூட்டம் இந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, "இந்த வழி தேவலாம் போலிருக்கிறது" என்று ஓர் உத்தேசம் சொல்வீர்கள்.

ஸ்டாக்ஃபிஷ் போன்ற எஞ்சின் செய்வது இதைத்தான். தெருமுக்கு என்பது பலகையின் ஒரு நிலை, தெரு என்பது ஒரு நகர்த்தல். இப்போதைய நிலையிலிருந்து தொடங்கி, நான் இப்படிப் போனால் அவர் எப்படிப் போவார் என்று கிளை கிளையாகப் போய்ப் பார்க்கிறது. எத்தனை அரை நகர்த்தல் தூரம் போனது என்பதுதான் திரையில் "டெப்த்" என்று தெரிவது. ஒரு வெள்ளை நகர்த்தலும் ஒரு கறுப்பு நகர்த்தலும் சேர்ந்தால் இரண்டு அரை நகர்த்தல். போன தூரத்துக்குள் செக்மேட் தெரிந்தால் அது நிச்சயம். தெரியாவிட்டால் கிளையின் நுனியில் நின்று ஒரு மதிப்பீடு. ஸ்டாக்ஃபிஷ்ஷில் 2020 முதல் இந்த மதிப்பீட்டை ஒரு சிறிய நியூரல் நெட்வொர்க் போடுகிறது.

அந்த எண்ணைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. +1.00 என்றால் ஒரு சிப்பாய் கூடுதல் என்று பழைய பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் இந்த அளவு வேறு. ஸ்டாக்ஃபிஷ் தனக்கெதிரே தானே ஆடினால், அப்படிப்பட்ட நிலையிலிருந்து வெல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்பதே +1.00. ஆக அது ஒரு வாய்ப்புக் கணக்கு. நம் கையில் இருப்பதோ வாய்ப்புக்கு இடமே இல்லாத, மூன்று தீர்ப்பு மட்டும் உள்ள நிலை. அங்கே +0.83 என்று வந்தால், "கோபுரம் இன்னும் தெரியவில்லை" என்று எஞ்சின் ஒப்புக்கொள்வதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்று படிப்பது தவறு.

இதில் நடைமுறைக்கு உதவும் ஒரு குறிப்பு உண்டு. எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு எண்ணை மட்டும் கவனியுங்கள். டெப்த் ஏற ஏற எண்ணும் ஏறிக்கொண்டே போனால், தூரத்தில் வெற்றி ஒன்று இருக்கிறது, எஞ்சின் அதை நெருங்குகிறது. டெப்த் 20, 30, 40 என்று போயும் எண் அசையாமல் அதே இடத்தில் நின்றால் அல்லது மெல்ல வற்றினால், முன்னேற வழி கிடைக்கவில்லை என்று சந்தேகப்படலாம், பெரும்பாலும் டிராதான். இது அனுபவக் கணக்கு, நிரூபணம் அல்ல.

அப்புறம், "எண்ட்கேமில் எஞ்சினை நம்பாதே" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. கிளைகள் எல்லாவற்றையும் பார்க்க நேரம் போதாது என்பதால் எஞ்சின்கள் குறுக்குவழிகள் வைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று நல் மூவ். நான் ஒன்றுமே செய்யாமல் முறையை எதிராளிக்குக் கொடுத்துவிடுகிறேன். அப்போதும் என் நிலை நன்றாகவே இருக்கிறது என்றால், உண்மையில் ஒரு நகர்த்தல் செய்தால் இன்னும் நன்றாகத்தான் இருக்கும், ஆகவே இந்தக் கிளையை மேற்கொண்டு பார்க்க வேண்டாம் என்று வெட்டிவிடுவது. நகர்வது எப்போதும் லாபம் என்ற நம்பிக்கையில் நிற்கும் தந்திரம் இது. சுக்ஸ்வாங்கில் அந்த நம்பிக்கை அப்படியே தலைகீழ். அதனால்தான், நகர வேண்டியவரிடம் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் இருந்தால் இந்தக் குறுக்குவழியை அணைத்துவிடும்படி எஞ்சின்களை எழுதுகிறார்கள். பழைய குறை இப்படித் தீர்ந்துவிட்டது, பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை.

பின்னோக்கி எழுதி வைப்பது

அதே மதுரைக்கு வேறொரு வழியும் உண்டு. கோயில் வாசலிலிருந்து தொடங்குங்கள். வாசலை ஒட்டிய ஒவ்வொரு முக்கிலும் "கோயிலுக்கு ஒரு தெரு" என்று பலகை நட்டுவிடுங்கள். அந்த முக்குகளை ஒட்டியவற்றில் "இரண்டு தெரு" என்று பலகை. இப்படியே வெளியே வந்துகொண்டிருந்தால் ஊரில் பலகை இல்லாத முக்கு மிஞ்சாது. அப்புறம் எங்கே நின்றாலும் யோசிக்க வேண்டியதில்லை, படித்தால் போதும்.

இப்படிப் பலகை நட்டு வைத்த தரவுக் களஞ்சியம்தான் டேபிள்பேஸ். குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் காய்கள் இருக்கும் எல்லா நிலைகளுக்கும் தீர்ப்பு அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். செக்மேட் ஆன நிலைகளிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருவார்கள். செஸ்ஸில் எதிராளி ஒருவர் இருப்பதால் பலகை நடும் விதி கொஞ்சம் மாறும். என்னிடம் இருக்கும் நகர்த்தல்களில் ஒன்றாவது எதிராளியின் தோல்வி நிலைக்குக் கொண்டுபோனால், இது எனக்கு வெற்றி. என் நகர்த்தல்கள் அத்தனையும் எதிராளியின் வெற்றி நிலைக்கே போனால், இது எனக்குத் தோல்வி. பின்னோக்கி எவ்வளவு தூரம் வந்தும் இரண்டு பலகையும் நட முடியாத நிலைகள் எல்லாம் டிரா. டேபிள்பேஸின் ரகசியம் இந்த மூன்று வாக்கியம்தான். "ஒன்றாவது" என்பதும் "அத்தனையும்" என்பதும் எங்கே வருகின்றன என்று மட்டும் கவனமாகப் பாருங்கள்.

இந்த யோசனை புதிதல்ல. ரிச்சர்ட் பெல்மன் 1965ல் எழுதினார். தாமஸ் ஸ்ட்ரோலைன் 1970ல் தன் ஆய்வேட்டில் செய்து காட்டினார். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1970களின் இறுதியில், ராணிக்கு எதிராக யானை மட்டும் வைத்துக்கொண்டு தற்காக்கும் டேபிள்பேஸை அமெரிக்க சாம்பியன் வால்டர் பிரவுனுக்கு எதிரே உட்கார வைத்தார். புத்தகப்படி சுலபமாக வெல்ல வேண்டிய ராணி திணறிப் போனது.

ராஜா, ஒரு சிப்பாய், எதிரே ராஜா என்ற நம் சின்ன எண்ட்கேமுக்கு இப்படி எத்தனை வழிகாட்டிப் பலகை வேண்டும்? கையாலேயே கணக்குப் போடலாம். சிப்பாய் நிற்கக்கூடிய கட்டம் 48. இடது பாதியில் நடப்பது வலது பாதியில் கண்ணாடிப் பிம்பமாக நடக்கும் என்பதால் பாதி போதும், 24. வெள்ளை ராஜாவுக்கு 64, கறுப்பு ராஜாவுக்கு 64, யார் முறை என்பதற்கு 2. பெருக்கினால் 1,96,608. இதில் இரண்டு காய்கள் ஒரே கட்டத்தில் நிற்பது மாதிரியான நடக்காத நிலைகளும் அடங்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொன்றுக்கும் "வெற்றியா, இல்லையா" என்று ஒரே ஒரு பிட் எழுதினால் மொத்தம் 24 கிலோபைட். கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோவை விடப் பல மடங்கு சிறியது. நூற்றாண்டுகளாகப் புத்தகங்கள் விளக்கிய ஒரு எண்ட்கேமின் முழு உண்மையும் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஸ்டாக்ஃபிஷ் நிரல் பல ஆண்டுகள் இந்தச் சின்ன அட்டவணையைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது.

காய்கள் கூடினால் கணக்கு வெடிக்கிறது. ரொனால்ட் டி மான் 2013ல் வெளியிட்ட சிசிஜி என்ற டேபிள்பேஸில் ஐந்து காய்கள் வரை ஏறக்குறைய 1 ஜிபி. ஆறு காய்கள் வரை என்றால் சுமார் 150 ஜிபி. 2018ல் முடிந்த ஏழு காய் அட்டவணை ஏறக்குறைய 17 டெராபைட். அதற்கு முன் 2012ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் செய்த லொமொனோசொவ் அட்டவணை சுமார் 140 டெராபைட் எடுத்துக்கொண்டது. ராஜாக்களையும் சேர்த்துத்தான் காய்களை எண்ண வேண்டும். ஏழு காய் சிசிஜியை வீட்டில் இறக்கி வைக்க வேண்டியதில்லை. லிசெஸ் தளத்தின் அனலிசிஸ் பலகையில் இலவசமாகவே பார்க்கலாம்.

சிசிஜி காட்டும் ஒரு எண் பலரைக் குழப்புகிறது. செக்மேட்டுக்கு எத்தனை நகர்த்தல் என்பதை அது சொல்வதில்லை. அடுத்து ஒரு வெட்டோ, ஒரு சிப்பாய் நகர்த்தலோ நடக்கும்வரை எவ்வளவு தூரம் என்பதையே எண்ணுகிறது. இந்த இரண்டும் நடக்காமல் 50 நகர்த்தல் போனால் டிரா கேட்கலாம் என்ற விதிக்காக அப்படி. அதனால் அது முதலிடத்தில் காட்டும் நகர்த்தல் சில சமயம் விசித்திரமாக இருக்கும். தீர்ப்பு சரிதான், அழகை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

சுருக்கமாக: தேடுதல் முன்னோக்கிப் போகிறது, தெரியாத இடத்தில் உத்தேசம் சொல்கிறது. டேபிள்பேஸ் பின்னோக்கி வந்து எழுதப்பட்டது, உத்தேசமே கிடையாது, ஆனால் ஏழு காய்க்கு மேல் அது பெரும்பாலும் வாய் திறக்காது.

ஒன்பது, ஏழு, ஐந்து

இனி சிங்கப்பூர் ஆட்டத்தைப் பார்க்கலாம். டிங் யானையை எஃப்2ல் வைத்தபோது பலகையில் ஒன்பது காய்கள். வெள்ளைக்கு ராஜா ஜி1, யானை எஃப்2, மந்திரி ஏ8, சிப்பாய் ஜி3. கறுப்புக்கு ராஜா இ5, யானை பி2, மந்திரி இ6, சிப்பாய்கள் எஃப்5, ஜி4. ஒரு சிப்பாய் குறைவு என்றாலும் அதற்கு முந்தைய நகர்த்தல் வரை டிராவாகவே இருந்த நிலை.

குகேஷ் யானையை வெட்டினார், டிங் ராஜாவால் திருப்பி வெட்டினார். இப்போது ஏழு காய்கள், அதாவது டேபிள்பேஸின் எல்லைக்குள் வந்தாயிற்று. அடுத்து குகேஷ் மந்திரியை டி5க்குக் கொண்டுவந்தார். மூலையில், ஏ8ல் நிற்கும் மந்திரிக்குப் போக ஒரே ஒரு குறுக்குக் கோடுதான் உண்டு. அந்தக் கோட்டில்தான் இப்போது கறுப்பு மந்திரி உட்கார்ந்திருக்கிறது. பி7, சி6 எங்கே போனாலும் வெட்டு. வேறு வழியில்லாமல் டிங் டி5ல் வெட்ட, ராஜாவால் திருப்பி வெட்டியதும் ஐந்து காய்கள், சுத்தமான ராஜா-சிப்பாய் எண்ட்கேம். அடுத்த நகர்த்தலில் வெள்ளை ராஜா இ3க்கும் கறுப்பு ராஜா இ5க்கும் வந்தன. டிங் விட்டுக்கொடுத்தது இங்கேதான்.

ஒரே ஒரு சிப்பாய்தானே கூடுதல், ஏன் விட்டுக்கொடுத்தார்? வெள்ளையின் முறை, ராஜாக்கள் நேருக்கு நேர்: ஒப்போசிஷன் கறுப்பிடம். வெள்ளை ராஜா எஃப்2க்குப் பின்வாங்கினால் கறுப்பு ராஜா டி4க்கு வரும். வெள்ளை இ2க்கு வந்தால் கறுப்பு இ4ல் போய் நிற்கும். இப்போது இ2ல் வெள்ளை ராஜா, இ4ல் கறுப்பு ராஜா, முறை வெள்ளையுடையது. மறுபடியும் விலக வேண்டும். விலகினால் கறுப்பு ராஜா உள்ளே நுழைந்து ஜி3 சிப்பாயைப் பிடித்துவிடும். முதலில் டி3க்குப் போனால் கறுப்பு எஃப்4 என்று சிப்பாயைத் தள்ளும், ஜி3 சிப்பாய் அதை வெட்டினால் ராஜாவால் திருப்பி வெட்டும், வெள்ளை இ2க்கு ஓடி வருவதற்குள் கறுப்பு ராஜா ஜி3ல் இருக்கும். முதலிலேயே இ2 என்றால் கறுப்பு இ4க்கு வந்து மறுபடி எதிரே நிற்கும்.

நம் முதல் நிலையில் பார்த்த அதே ஒப்போசிஷன், அதே சுக்ஸ்வாங். பட்டை சாய்ந்ததற்கு இதுதான் காரணம். ஒன்பது காய் நிலையிலிருந்து சில அரை நகர்த்தல்கள் தேடினாலே எஞ்சின் ஏழு காய் நிலையில் போய் முட்டுகிறது. அங்கே பலகை தயாராக நட்டு வைத்திருக்கிறது.

முறையை மாற்றிக் கேளுங்கள்

சரி, வீட்டில் உங்கள் சொந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கும்போது என்ன செய்வது? (ஆட்டம் நடக்கும்போதே எஞ்சினைத் திறப்பது ஏமாற்று வேலை, இங்கே பேசுவது ஆட்டம் முடிந்த பிறகு.) எஞ்சின் காட்டும் முதல் நகர்த்தலைப் படித்துவிட்டு, "ஓ, இதுவா" என்று மூடிவிட்டால் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. ஒரே ஒரு விஷயத்தை மாற்றி, மறுபடி கேட்க வேண்டும். எல்லாவற்றிலும் பயனுள்ள மாற்றம், முறையை மாற்றுவது. பலகையைத் திருத்தும் பக்கத்தில் "வெள்ளை ஆட வேண்டும்" என்பதைக் "கறுப்பு ஆட வேண்டும்" என்று ஆக்கினால் போதும். தீர்ப்பு மாறாவிட்டால் சாவிக் கட்டமோ கூடுதல் சிப்பாயோ ஏற்கெனவே வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். தீர்ப்பு மாறினால், அந்த நிலையின் உயிர் முறையில் இருக்கிறது. அதை மனதில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தோற்கும் நகர்த்தல்களையும் பார்ப்பது. டேபிள்பேஸ் இதில் தாராளம்: எல்லா நகர்த்தலுக்கும் தீர்ப்பை வரிசையாகப் போட்டுவிடும். ரிச்சர்ட் ரெட்டி 1921ல் அமைத்த புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளையின் முறை. எச் சிப்பாயை வெள்ளை ராஜாவால் துரத்திப் பிடிக்க முடியாது. தன் சிப்பாயைக் காக்கவும் தூரம் அதிகம். ஆனாலும் டிரா. எஞ்சின் 0.00 என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். டேபிள்பேஸைப் பாருங்கள்: நான்கு நகர்த்தல்கள், மூன்றில் தோல்வி, ராஜா ஜி7 ஒன்றில் மட்டும் டிரா.

இங்கே நல்ல கேள்வி, ஜி8 ஏன் கூடாது? ஆடிப் பாருங்கள். ராஜா ஜி8, எச்4, ராஜா எஃப்7, இப்போது கறுப்பு ராஜா பி6. சி சிப்பாய் விழப்போகிறது, எச் சிப்பாயோ எட்டாத தூரத்தில். ஜி7 வழியில் போனால் ராஜா அடுத்து எஃப்6, பிறகு இ5. இ5ல் நிற்கும்போது அது இரண்டு பக்கமும் பார்க்கிறது: கறுப்பு சி6ஐ வெட்டினால் எஃப்4 வழியாக எச் சிப்பாயைப் பிடிக்கும்; கறுப்பு எச் சிப்பாயைத் தள்ளினால் டி6 போய்த் தன் சிப்பாயை ராணியாக்கும். ராஜாவுக்குக் குறுக்கே போவதும் நேரே போவதும் ஒரே கணக்கு என்பதால் ஒரே பயணத்தில் இரண்டு வேலை. ஜி7 என்ற விடையை விட, ஜி8 எந்த இடத்தில் உடைகிறது என்பதே அதிகம் சொல்லிக்கொடுக்கிறது.

அட்டவணைக்கு வெளியே ஒரு நிலை

ஏழு காய்க்கு மேல் போனால்? 1901ல் உலக சாம்பியன் எமானுவேல் லாஸ்கரும் கஸ்டவஸ் ரைக்ஹெல்மும் அலசிய ஒரு நிலை எஞ்சின் எழுதுபவர்களிடையே இன்றும் சோதனைக் கேள்வியாக இருக்கிறது. வெள்ளை: ராஜா ஏ1, சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4. கறுப்பு: ராஜா ஏ7, சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5. வெள்ளையின் முறை. மொத்தம் ஒன்பது காய்கள். சிப்பாய்கள் எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. ராஜாக்கள் மட்டுமே நடக்க முடியும்.

ஒவ்வொரு முறையும் ராஜாவுக்குச் சராசரி ஐந்து வழி என்று வைத்தால், 20 அரை நகர்த்தலில் பாதைகள் 95 லட்சம் கோடியைத் தாண்டும். ஆனால் நிலைகள் எத்தனை? வெள்ளை ராஜாவுக்கு 64 கட்டம், கறுப்புக்கு 64, முறைக்கு 2: ஒரு சிப்பாய் வெட்டுப்படும்வரை அதிகபட்சம் 8,192. கோடானுகோடிப் பாதைகளும் இந்தச் சில ஆயிரம் முக்குகளுக்குள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஏற்கெனவே பார்த்த முக்கைக் குறித்து வைத்துக்கொள்ளும் நினைவுப் பட்டியலுக்கு டிரான்ஸ்பொசிஷன் டேபிள் என்று பெயர். அது இல்லாத எஞ்சின் இந்த நிலையில் பாதைகளுக்குள் தொலைந்துபோகும். அது இருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் விடை வரும்: ராஜா பி1.

வெள்ளைக்கு இருப்பது மூன்றே நகர்த்தல், ஏ2, பி2, பி1. முன்னேறுகிற பி2ஐ விட்டுவிட்டு, அடிவரிசையிலேயே பக்கவாட்டில் போகிற பி1 மட்டும் வெல்கிறது. இதை எஞ்சின் விளக்காது. விளக்கத்தை நாமே கேட்டு வாங்க வேண்டும். வெள்ளை ராஜா இடப்பக்கம் சி4 வழியாக பி5க்கு நுழையப் பார்க்கிறது. வலப்பக்கம் எச்4 வழியாக ஜி5க்கு. கறுப்பு ராஜா இரண்டு வாசலையும் ஒருவராகக் காக்க வேண்டும். ஆகவே வெள்ளை ராஜா நிற்கும் ஒவ்வொரு முக்கியக் கட்டத்துக்கும், கறுப்பு ராஜா நிற்க வேண்டிய பதில் கட்டம் ஒன்று இருக்கும். வெள்ளை ராஜாவை சி4ல் வையுங்கள், கறுப்பு ராஜாவை ஏ7, பி7, பி6 என்று மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு முறைக்கும் தீர்ப்பைக் கேளுங்கள். வெள்ளையின் முறை என்றால் டிரா, கறுப்பின் முறை என்றால் வெள்ளைக்கு வெற்றி என்று வரும் ஜோடிகளை மட்டும் தாளில் எழுதுங்கள். பிறகு சி3, டி3, அப்புறம் இரண்டாம் வரிசை. ஒவ்வொரு ஜோடியும் அதற்கு முந்தைய ஜோடியைத் தீர்மானித்துக்கொண்டே பின்னால் வரும். ஏ1ஐ எட்டும்போது, கறுப்பு ராஜா ஏ7ல் நிற்கையில் பி2 ஏன் தவறான கட்டம் என்பது உங்கள் தாளிலேயே இருக்கும்.